எழுத மறந்த புல்வெளி

ஆல்டர்மியர் மடத்தில் வருஷத்துக்கு ஒரு பக்கம்தான் வரலாறு. அதற்கு மேல் எழுதத் தோல் ஏடு வேண்டும். ஏட்டுக்கு ஆட்டுத்தோல் வேண்டும். மடத்தில் அவ்வளவு ஆடுகள் இல்லை.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சதுப்பு நிலத்துக்கு நடுவே இருந்தது அந்த மடம். ஆஸ்மண்ட் என்ற துறவி அங்கே நாட்டு நடப்புகளை எழுதி வந்தார். அரசர் யாரோடு போருக்குப் போனார், எந்தத் திருச்சபை ஆயர் காலமானார், கடல் எப்போது கரையை உடைத்தது என்பதையெல்லாம் வணிகர்களிடமும் வழிப்போக்கர்களிடமும் கேட்டுக்கொள்வார். இரண்டு பேர் சொன்னது ஒத்துப்போனால் எழுதுவார். ஒத்துப்போகாவிட்டால், 'என்று சொல்கிறார்கள்' எனச் சேர்த்து எழுதுவார்.

அவரிடம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்தவர் தர்ஸ்டன். சீடர்தான், ஆனால் குருவைவிட வயதில் மூத்தவர். கம்பளி வணிகர் ஒருவரிடம் எழுத்தராக இருந்தவர். யாருடைய கையெழுத்தாக இருந்தாலும் ஒருமுறை பார்த்தால் போதும், அப்படியே எழுதிவிடுவார்.

அவர் மனைவி மேபிலுக்குத் தொழுநோய் கண்டது. மடத்து வாசலுக்கு வெளியே தொழுநோயாளர் விடுதி ஒன்று இருந்தது. மேபிலை அங்கே சேர்த்தார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி இருவரும் இனி ஒரே கூரையின் கீழ் வாழ முடியாது. தர்ஸ்டன் வீட்டை விற்றுவிட்டு மடத்தில் சேர்ந்தார்.

விடுதிக்குக் காலையில் பால் கொண்டுபோவது அவர் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. பானையை வாசல் கல்லின் மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நிற்பார். மேபில் வந்து எடுத்துக்கொள்வாள்.

"இன்றைக்குப் பாதி தண்ணீர் போலிருக்கிறதே" என்பாள்.

"பசுவிடம் போய்க் கேள்."

"கல்யாணத்துக்கு முன்னால்கூட நீங்கள் இப்படித் தினமும் வந்து நின்றதில்லை."

"அப்போது உன் அப்பா கையில் தடி இருந்தது."

அவள் சிரித்துக்கொண்டே பானையை எடுத்துப் போவாள். விடுதியில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குப் பல் இல்லை. பாலில் நனைத்த ரொட்டிதான் அவர்களுக்கு உணவு.

மடத்துப் பசுக்கள் மேய்ந்தது ஆற்றோரப் புல்வெளியில். அந்தப் புல்வெளிக்குத்தான் அந்த வருஷம் ஆபத்து வந்தது.

கில்பர்ட் பிரபு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். சிறு வயதிலேயே தாய் இறந்துவிட, கடலுக்கு அப்பால் மாமா வீட்டில் வளர்ந்தவர். இப்போது தந்தையும் இறந்து, நிலமெல்லாம் அவர் கைக்கு வந்திருந்தது. அவருடைய காரியஸ்தர் மடத்துக்கு வந்தார்.

"ஆற்றோரப் புல்வெளி பிரபுவின் குடும்பச் சொத்து. உங்களிடம் எப்படி வந்தது?"

"அவருடைய தாயார் அவீஸ் சீமாட்டி கொடுத்தது" என்றார் மடத்துத் தலைவர் ரடல்ஃப்.

"பத்திரம்?"

"மின்னல் விழுந்து பத்திரப் பெட்டி எரிந்துவிட்டது."

"எரியாத பழைய எழுத்து ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள். புனித மார்ட்டின் திருநாளன்று பிரபுவே வருகிறார். இல்லையென்றால் மறுநாள் உங்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள்."

எரியாத பழைய எழுத்து ஒன்று இருந்தது. ஆஸ்மண்டின் ஆண்டுக் குறிப்பு. மின்னல் விழுந்த அன்று அவர் அதைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போயிருந்தார். அதனால் தப்பியது.

"சீமாட்டி புல்வெளி கொடுத்த வருஷத்தைப் படியும்" என்றார் மடத்துத் தலைவர்.

ஆஸ்மண்ட் படித்தார். "இந்த வருஷம் வானில் வால் நட்சத்திரம் தெரிந்தது. ஆயர் காலமானார். அரசர் தம் தம்பியோடு சண்டையிட்டார். கோதுமை விலை ஏறியது. பெருங்காற்று."

"அப்புறம்?"

"அவ்வளவுதான், தந்தையே."

"காற்றை எழுதியிருக்கிறீர். புல்வெளியை எழுதவில்லையா?"

"எழுதவில்லை."

"நீர் அன்றைக்கு இங்கே இருந்தீரா, இல்லையா?"

"இருந்தேன். கண்ணால் பார்த்தேன்."

"பிறகு ஏன் எழுதவில்லை?"



"பறிபோயிருந்தால் எழுதியிருப்பேன், தந்தையே. கிடைத்தது. கிடைத்தது ஒரு செய்தியாகத் தோன்றவில்லை."

மடத்துத் தலைவர் பெருமூச்சு விட்டார். ஆஸ்மண்ட் சாட்சி சொல்லிப் பயனில்லை. மடத்துக்காக மடத்துத் துறவியே சொல்லும் சாட்சியை யார் ஏற்பார்கள்? தலைவர் புத்தகத்தைக் குனிந்து பார்த்தார்.

"அந்தப் பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறதே" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

தர்ஸ்டன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் பிற்பகல் அவர் புத்தகத்தைக் கொண்டுவந்து ஆஸ்மண்டின் முன்னால் விரித்து வைத்தார். காலியாக இருந்த இடத்தில் ஒரு வரி இருந்தது. 'இதே வருஷம் அவீஸ் சீமாட்டி ஆற்றோரப் புல்வெளியை என்றென்றைக்குமாக மடத்துக்குக் கொடுத்தார்.'

ஆஸ்மண்ட் ஏட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மாசிக்காய் மையில் தண்ணீர் விட்டு நிறத்தை மங்க வைத்திருந்தார் தர்ஸ்டன். மேலே புகைத்தூளும் தேய்த்திருந்தார்.

"என் கையெழுத்தேதான்" என்றார் ஆஸ்மண்ட். "என் எழுத்தைவிடவும் கொஞ்சம் அழகாக இருக்கிறது."

"பிரபுவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காரியஸ்தருக்கும் இது பிடிபடாது."

"பிடிபடாதுதான்."

"இதில் பொய் ஏதாவது இருக்கிறதா, சகோதரரே?"

"ஒரு சொல்கூட இல்லை."

"உண்மையைத் தாமதமாக எழுதினால் அது பொய்யாகிவிடுமா?"

ஆஸ்மண்ட் தோல் ஏட்டில் பிழையைச் சுரண்டும் கத்தியை எடுத்து, பிடியை தர்ஸ்டன் பக்கம் திருப்பி நீட்டினார்.

தர்ஸ்டன் வாங்கவில்லை.

"மாட்டேன். வேண்டுமானால் நீங்களே சுரண்டுங்கள்."

"நான் எழுதாததை நான் எப்படிச் சுரண்டுவது?"

"சகோதரரே, விளையாடாதீர்கள். புல்வெளி போனால் பசு போகும். பசு போனால் பால் போகும். அந்த விடுதியில் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிந்துமா?"

"தர்ஸ்டன், இந்த வரியைப் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? 'ஆஸ்மண்ட் அன்றைக்கே அந்த அம்மாளுக்கு நன்றி சொல்லியிருக்கிறான்' என்று நினைப்பார்கள். நான் சொல்லவில்லையே. வால் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

கத்தி நீட்டியபடியே இருந்தது.

"இன்னொன்று" என்றார் ஆஸ்மண்ட். "அன்றைக்கு நல்ல மழை. உங்கள் வரியில் மழை இல்லை."

தர்ஸ்டன் கத்தியை வாங்கினார். கோபத்தோடு சுரண்டினார். தோல் மெலிந்து, அடுத்த பக்கத்தின் எழுத்து நிழலாகத் தெரிந்தது. கடைசிச் சொல் போனதும் கத்தியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

ஆஸ்மண்ட் நடப்பு வருஷத்துக்கான வெற்றுப் பக்கத்தை எடுத்தார். இறகைச் சீவினார். எழுதத் தொடங்கினார். வழக்கமாக அவர் வேகமாக எழுதுவார். அன்று ஒரு வரி எழுதுவதும் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவதுமாக இருந்தார்.

மாலை வழிபாட்டுக்கு முன்னால் தர்ஸ்டன் திரும்பி வந்தார். கோபம் தணியவில்லை. ஆனாலும் மை காயாத பக்கத்தைப் படிக்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

'இந்த வருஷம், இந்தக் குறிப்புகளை எழுதும் ஆஸ்மண்டாகிய நான், எழுத மறந்த ஒன்றை எழுதுகிறேன். வால் நட்சத்திரம் தெரிந்த வருஷம் அவீஸ் சீமாட்டி மழையில் நடந்து வந்தார். ஆற்றோரப் புல்வெளியிலிருந்து ஒரு புல் கட்டியை மண்ணோடு பெயர்த்து, தம் மேலங்கியில் பொதிந்து எடுத்துவந்து, நிலத்தைக் கொடுப்பதன் அடையாளமாகப் பீடத்தின் மேல் வைத்தார். புல்வெளியை மடத்துக்குக் கொடுத்தார். அவரோடு அவர் மகன் வந்திருந்தான். அவனுக்கு நினைவிருக்க வேண்டும் என்பதற்காக, வழக்கப்படி நான் அவன் கன்னத்தில் அறைந்தேன். அழுதான். அன்றிலிருந்து எங்கள் பசுக்கள் அங்கேதான் மேய்கின்றன. இதுவரை நான் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.'

அப்படி ஒரு வழக்கம் உண்மையிலேயே இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பத்திரம் எரியும், சாட்சிகள் செத்துப்போவார்கள். அதனால் நிலம் கைமாறும்போது ஒரு சிறுவனை அழைத்துவந்து எல்லாவற்றையும் பார்க்க வைத்து, கன்னத்தில் ஓங்கி ஒன்று வைப்பார்கள். அடி வாங்கியவன் கிழவனாகும்வரை அந்த நாளை மறக்கமாட்டான் என்பது நம்பிக்கை.

தர்ஸ்டன் நிமிர்ந்து பார்த்தார்.

"அவர் மகன் என்றால்... கில்பர்ட் பிரபுவா?"

"ஒரே மகன்தான்."

"பிரபுவை அறைந்தீர்களா?"

"அப்போது அவர் பிரபு இல்லை. என் இடுப்பு உயரம் இருந்தார்."

"இதை ஏன் முன்பே சொல்லவில்லை?"

"உட்கார்ந்து எழுதியபோதுதான் ஞாபகம் வந்தது. முதலில் மழை வந்தது. அப்புறம் புல் கட்டி. அதற்குப் பின்னால் அந்தப் பையன் நின்றுகொண்டிருந்தான்."

மடத்துத் தலைவருக்கு விஷயம் போயிற்று. அவர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"உமக்குப் புத்தி இருக்கிறதா? மறந்துவிட்டேன் என்று நீரே எழுதிக் கொடுத்திருக்கிறீர். போதாததற்கு அறைந்தேன் வேறு. புல்வெளியோடு மடத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறீரா?"

"நடந்தது அதுதான், தந்தையே."

"அந்த அறையை மட்டுமாவது எடுத்துவிடும்."

"அதை எடுத்துவிட்டால் என் மறதி மட்டும்தான் மிஞ்சும்."

"பிரபு கோபக்காரராம். மாமா வீட்டில் ஒரு சமையற்காரனைப் படியிலிருந்து தள்ளிவிட்டாராம்."

"ஒருவர் சொன்னாரா, இரண்டு பேர் சொன்னார்களா?" என்று கேட்டார் ஆஸ்மண்ட்.

மடத்துத் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். ஆனால் அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. காட்ட வேறு எதுவும் அவரிடம் இல்லை.

புனித மார்ட்டின் திருநாள் வந்தது. துறவிகள் கூடும் மண்டபத்தில் கில்பர்ட் பிரபு உட்கார்ந்தார். முப்பது வயது மனிதர். அவருக்குப் பின்னால் காரியஸ்தர் நின்றார்.

"காட்டுங்கள்" என்றார் பிரபு.

ஆஸ்மண்ட் புத்தகத்தை விரித்தார். லத்தீனில் எழுதியதை அவர்கள் பேச்சில் மாற்றிச் சொல்லிக்கொண்டே போனார். மறந்தது வந்தது. மழை வந்தது. புல் கட்டி வந்தது. அறையும் வந்தது. எதையும் விடவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை.

தர்ஸ்டன் கதவருகில் நின்றிருந்தார். மடத்துத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் காரியஸ்தர்தான் பேசினார்.

"பிரபு, இது இந்த வருஷத்துப் பக்கம். மை வாசனைகூடப் போகவில்லை. செல்லாது."

"எப்போது எழுதினீர்?" என்று கேட்டார் பிரபு.

"நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்த பிறகு" என்றார் ஆஸ்மண்ட்.

"பழைய பக்கத்தில் சேர்த்து எழுதியிருக்கலாமே?"

"எழுதினோம். சுரண்டிவிட்டோம்."

பிரபு அவரை உற்றுப் பார்த்தார்.

"என்னை அறைந்தது நீரா?"

"நான்தான்."

"கறுப்பு அங்கி. கல் தரை. எங்கேயோ ஈர நாற்றம். ஒருவன் வந்தான், அறைந்தான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மாமாவிடம் கேட்டேன். நீ ஏதாவது தப்பு செய்திருப்பாய் என்றார். என்ன தப்பு என்று யோசித்துக்கொண்டே வளர்ந்தேன். திருடினேனா, கோயிலில் சிரித்தேனா, தெரியவில்லை. அப்புறம் அம்மா செத்துப்போனாள். அந்தத் தப்பினால்தானோ என்றுகூட நினைத்திருக்கிறேன்."



"நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை" என்றார் ஆஸ்மண்ட். "அமைதியாக நின்று பார்த்தீர்கள். நீங்கள்தான் சாட்சி. நான் அன்றே எழுதியிருந்தால் யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டியிருப்பார்கள். எழுதாதது என் தப்பு."

பிரபு புத்தகத்தின் பக்கம் குனிந்தார்.

"நான் அழுதேன் என்று எழுதியிருக்கிறீர். அப்போது அம்மா என்ன செய்தாள்?"

"தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து உங்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவர்கள் கையெல்லாம் மண். துடைக்கத் துடைக்க உங்கள் முகம் சேறாகிவிட்டது. அதைப் பார்த்து அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் சிரித்ததும் நீங்களும் சிரித்தீர்கள்."

"அப்புறம்?"

"என்னைப் பார்த்து, 'கொஞ்சம் மெதுவாக அடித்திருக்கலாம், சகோதரரே' என்றார்கள்."

பிரபுவின் வாய் கோணியது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியவில்லை.

"மெதுவாக அடித்திருந்தால் மறந்திருப்பேன்" என்றார்.

காரியஸ்தர் குனிந்து, "பிரபு, ஆனாலும் இதை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில்..." என்று தொடங்கினார்.

"நீதிமன்றத்துக்குச் சாட்சிதானே வேண்டும்? அடி வாங்கியவன் நான். நான் சொல்கிறேன், புல்வெளி மடத்துடையது." அவர் எழுந்தார். "ஒரு சாட்சி போதாதென்றால், சகோதரரே, இவருக்கும் ஒன்று வையும்."

காரியஸ்தர் ஓரடி பின்னால் நகர்ந்தார். இளம் துறவிகள் சிலர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

போகும்போது பிரபு வாசலில் நின்றார்.

"அவள் சிரித்ததையும் எழுதும்."

"எழுதுகிறேன்."

"எந்த வருஷத்தில் எழுதுவீர்?"

"இந்த வருஷத்தில். நீங்கள் கேட்டது இப்போதுதானே."

மறுநாள் காலை தர்ஸ்டன் பானையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். ஆஸ்மண்டும் கூட நடந்தார். மேபில் வாசல் கல்லருகே வந்தாள்.

"ஒரு பானைக்கு இரண்டு பேரா? பால் அவ்வளவு கனமாகிவிட்டதா?"

"உன் வாய்க்குப் பயந்து துணைக்குக் கூட்டி வந்திருக்கிறேன்" என்றார் தர்ஸ்டன்.

"பிரபுவை அறைந்தவராமே? நல்ல துணைதான்." அவள் ஆஸ்மண்டைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினாள். "ரொம்ப நன்றி, சகோதரரே."

"எனக்கு இல்லை, அம்மா. அவீஸ் என்று ஒரு சீமாட்டி. பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்."

"அவீஸ்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, பானையை இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவே அணைத்துத் தூக்கினாள். உள்ளே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். போனாள்.

திரும்பும் வழியில் பாதி தூரத்தில் தர்ஸ்டன் கேட்டார்.

"பிரபுவுக்கு அந்த அறை நினைவில்லாமல் போயிருந்தால்?"

"புல்வெளி போயிருக்கும்."

"நினைவிருந்து, கோபம் வந்திருந்தால்?"

"அப்போதும் போயிருக்கும்."

"மேபிலுக்குப் பால்?"

"நானும் நீங்களும் ஆளுக்கொரு பானையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கேட்கப் போயிருப்போம். சில நாள் கிடைத்திருக்கும். சில நாள் கிடைத்திருக்காது."

"இவ்வளவும் தெரிந்துதான் எழுதினீர்களா?"

"தெரிந்துதான்."

தர்ஸ்டன் நின்றுவிட்டார்.

"புல்வெளியைக் காப்பாற்றும் என்று நம்பி எழுதவில்லை. அப்படியானால் எதற்காகத்தான் எழுதினீர்கள், சகோதரரே?"

ஆஸ்மண்டும் நின்றார்.

"இத்தனை வருஷம் குடித்த பாலுக்கு."